வாய்யா, என்ன சேதி?

போன மாசம் பெரியம்மா வீட்டு விசேஷத்துக்காகக் கோவில்பட்டிப் பக்கம் போயிருந்தேன். மத்தியானப் பந்தி முடிந்து எல்லாரும் கண் அசந்த நேரத்தில், நான் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு பழைய தெருவுக்கு நடந்தேன். நான் தேடிப்போன கட்டடம் அப்படியே இருக்கிறது. உள்ளேதான் இப்போது ஃபிளெக்ஸ் அடிக்கிறார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன், “என்ன சார் வேணும், பேனரா, விசிட்டிங் கார்டா?” என்றான். ஒன்றும் வேண்டாம் தம்பி, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். அவன் முகத்தில் குழப்பம். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவன் காலடியில் இருந்த தரையை. சிமெண்டுத் தரையில் நான்கு போல்ட் தடம். முன்பு அங்கே இருந்த அச்சகத்தின் டிரெடில் மெஷின் நின்ற இடம் அது.

அந்த மெஷினுக்கு இடது பக்கம் ஒரு ஸ்டூல் கிடக்கும். என் ஒன்பது வயதிலிருந்து பதினைந்து வயது வரைக்கும் சாயங்காலங்கள் எல்லாம் அந்த ஸ்டூலில்தான் கழிந்தன. அந்தச் சாயங்காலங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. ஊருக்குப் போய் வந்ததிலிருந்து எழுதாமல் இருக்க முடியவில்லை.

1985. அப்பா லாரி டிரைவர். வடக்கே போனால் திரும்பி வர இருபது நாள், ஒரு மாசம் ஆகும். அந்த வருஷம் போனவர் வரவே இல்லை. அவரைப் பற்றி வேறு நாள் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிற வேலை. எங்கள் ஊரில் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். காலையில் இருட்டோடு போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள். எனக்குப் பள்ளிக்கூடம் விடுவது நாலேகாலுக்கு. நாலேகாலுக்கும் ஆறரைக்கும் நடுவில் எனக்கு யாருமே கிடையாது. வீட்டுச் சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கும். ஆனால் வீட்டைத் திறந்து தனியாக உள்ளே போகப் பயம்.

இன்னொரு பயமும் இருந்தது. எனக்கு வாசிக்க வராது. எழுத்துகள் தெரியும், கூட்டி வாசிக்கும்போதுதான் வரி நழுவும். மேல் வரியில் பாதியும் கீழ் வரியில் பாதியுமாகச் சேர்ந்து வரும். நாலாம் வகுப்பில் என்னை எழுப்பிவிட்டு வாசிக்கச் சொல்வார்கள். நான் தடுமாறுவேன், வகுப்பே சிரிக்கும். சிரிப்பு அடங்கும் வரை உட்காரச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரும் அந்த வாத்தியார் பெயரும் இங்கே தேவையில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஐம்பத்தேழு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வைத்திருந்தவர். ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது, அதை இல்லையென்று சொல்ல முடியாது.

பிரஸ் வாசலில் முதலில் நின்றது மெஷினைப் பார்க்கத்தான். டிரெடில் மெஷின் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வாயைத் திறந்து மூடும். திறக்கிற அந்த ஒரு கணத்தில் வலது கை வெள்ளைத் தாளை உள்ளே வைக்கும், இடது கை அச்சான தாளை வெளியே எடுக்கும். கை பிசகினால் விரல் போய்விடும். ரெண்டு நாள் வாசலிலேயே நின்றேன். மூணாவது நாள் பிரஸ்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, “உள்ள வாய்யா. அங்க நின்னா ஒண்ணும் தெரியாது” என்றார்.

வாய்யா! எங்கள் பக்கத்தில் பிரியமான பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளை அப்படிக் கூப்பிடுவது உண்டு. ஆனால் என்னை அதுவரை ஊரில் எல்லாரும் “ஏலே” என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் எனக்குப் பிரஸ் மாமா. சொந்தம் எதுவும் இல்லை, சாதியும் வேறு. அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். முதலாளி, கம்பாசிட்டர், மெஷின்மேன் மூன்றும் அவரே. கூட ஒரு ஆள் பாதி நாள் வருவார். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், பில் புக், சினிமா நோட்டீஸ், கோயில் கொடை வசூல் ரசீது என்று ஊருக்கு வேண்டிய எல்லாம் அங்கேதான் அச்சாகும்.

மறுநாள் நான் போனபோது அவர் கேட்டது, “வாய்யா, என்ன சேதி?” அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. “ஒண்ணுமில்ல மாமா” என்றேன். “ஒரு நாள் பூரா போயிருக்கு, ஒண்ணுமில்லன்னா எப்படி?” என்று கையில் இருந்த, எழுத்துக் கோக்கிற ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அதட்டலும் இல்லை, வேடிக்கையும் இல்லை. உண்மையாகவே காத்திருந்தார். பள்ளிக்கூடத்துக் கிணற்றில் ஒரு கீரிப்பிள்ளை விழுந்ததைச் சொன்னேன். எப்படி மேலே எடுத்தார்கள், யார் இறங்கியது, கீரி கடித்ததா என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வேலை வந்துவிட்டது. சாயங்காலம் பிரஸ் மாமாவிடம் சொல்வதற்கு ஒரு சேதி வேண்டும். அதற்காகவே எல்லாவற்றையும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். இன்று நான் எழுத்தை நம்பிப் பிழைக்கிற ஆள் என்றால் அதன் முதல் பாடம் அந்தக் கேள்விதான்.

எழுத்துக் கேஸைத் தொட விட மாட்டார். “ஈயம்யா, வாய்க்குள்ள போயிரக் கூடாது” என்பார். எப்போதாவது ஒரு எழுத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினால், அதற்குப் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவின பிறகுதான் கடலை மிட்டாய் கிடைக்கும். ஒரு மூலையில் யாரும் தொடாத அறைகள் கொண்ட ஒரு பழைய கேஸ் கிடந்தது. அதில் இருந்தவை பழைய லை, னை, ணை. மேலே யானைத் துதிக்கை போல வளைந்த எழுத்துகள். பெரியார் 1935லேயே குடி அரசில் புது எழுத்துகளைப் போட்டுவிட்டார், அரசாங்கம் ஏற்றுக்கொண்டது 1978இல் எம்.ஜி.ஆர். காலத்தில் என்று அவர் சொல்லித்தான் தெரியும். நான் படித்தது எல்லாம் புது எழுத்து. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் எழுதிக்கொண்டு வருகிற காகிதங்களில் துதிக்கை எழுத்துதான் இருக்கும். அதைப் பார்த்து நான் திணறியபோது அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. “உனக்குத் தெரியலன்னு இல்லய்யா. எழுத்து மாறிப்போச்சு. மாறினத உனக்கு யாரும் சொல்லல.” முட்டாள் என்ற பட்டத்தை அதுவரை நான் சுமந்திருந்தேன். அன்றைக்கு அதில் ஒரு பகுதி என் தோளிலிருந்து இறங்கியது.

எனக்கு வாசிக்க வராது என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவரும் கேட்டதில்லை. ஒரு நாள், “கண்ணு எரியுதுய்யா. நீ காப்பியை வாசி, நான் புரூஃபைப் பாத்துக்கிடுதேன்” என்று கையெழுத்துக் காகிதத்தை என்னிடம் கொடுத்தார். காப்பி என்றால் அச்சுக்காரர்கள் பேச்சில் வாடிக்கையாளர் எழுதிக்கொண்டு வந்த மூலம். நான் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் ஈரத் தாளில் எடுத்த புரூஃபில் பென்சிலை ஓட்டிக்கொண்டே வருவார். ஒரு சொல்லில் நான் நின்றால் அவர் பென்சிலும் அதே சொல்லில் நிற்கும். எடுத்துக் கொடுக்க மாட்டார், அவசரப்படுத்தவும் மாட்டார். வெளியே ஆள் காத்திருந்தாலும் அப்படித்தான். நான் அந்தச் சொல்லைக் கூட்டி முடித்ததும் பென்சில் நகரும். இப்போது யோசித்தால் அவர் கண் எரிந்ததா என்றே சந்தேகம். கம்பாசிட்டர்கள் தலைகீழாகவும் கண்ணாடி பிம்பமாகவும் இருக்கிற எழுத்தை நாள் முழுக்க வாசிப்பவர்கள். அந்த ரெண்டு பக்கத்தைப் பார்க்க அவருக்கு நான் தேவையே இல்லை.

ஆறு மாசம் ஆகியிருக்கும். ஒரு காதணி விழாப் பத்திரிகை, முந்நூறு பிரதி. நான் வாசித்தேன், அவர் பார்த்தார், அச்சாகிப் போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் நான் போனபோது பிரஸ் வாசலில் ஏழெட்டுப் பேர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இல்லை. காது குத்துக்குத் தாய்மாமன் பெயர் இல்லாமல் பத்திரிகை! மடியில் உட்கார வைத்துக் காது குத்தப்போகிறவனே அவன்தான். ரெண்டு குடும்பம் முகம் பார்க்காமல் போவதற்கு இது போதும். எனக்குக் கால் ஓடவில்லை. என் கண் ஒரு வரியைத் தாண்டியிருக்கிறது. அந்த வரி கம்போஸிலும் விட்டுப்போயிருக்கிறது, நான் அதை வாசித்திருந்தால் அகப்பட்டிருக்கும். பிரஸ் மாமா என்னைப் பார்த்துவிட்டார். என் பக்கம் கையைக்கூடக் காட்டவில்லை. “தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. எழுத்துக் கோத்ததும் நான், புரூஃப் பாத்ததும் நான். விடிய முன்னூறும் வீட்டுக்கு வந்துரும்” என்றார். காகிதம் அவர் காசு. அன்று ராத்திரி முழுக்க மெஷின் ஓடின சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. நான் தூங்கவில்லை.

மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மூணாவது நாள் அவரே தெரு முனையில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். “என்னய்யா, ரெண்டு நாளா சேதியே வரல?” என்றார். பிரஸுக்குக் கூட்டிப்போனார். நான் ஸ்டூலில் உட்கார்ந்ததும் ஒரு புதுக் காப்பியைக் கையில் கொடுத்தார். கூடவே ஒரு அட்டைத் துண்டு. பத்திரிகை அட்டையில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டினது. “இத வரிக்குக் கீழ வச்சுக்க. ஒரு வரி முடிஞ்சதும் இறக்கு. கண்ணு எங்கயும் ஓடாது.” அவ்வளவுதான். காதணிப் பத்திரிகையைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

அந்த அட்டையை வைத்துக்கொண்டுதான் நான் வாசிக்கக் கற்றேன். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷமாக யாருக்கும் தோன்றாத வைத்தியம் அது. இன்றைக்கும் முக்கியமான ஒப்பந்தத்தையோ மருத்துவ அறிக்கையையோ வாசிக்கும்போது ஒரு கார்டை வரிக்குக் கீழே பிடித்துக்கொள்கிறேன்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு குழந்தையை நல்ல மனிதனாக்குவது பெற்றோரும் பள்ளிக்கூடமும் மட்டும்தான் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது போதாது. பெற்றோர் இல்லை, வாத்தியாரும் இல்லை, பிள்ளையால் ஒரு பைசா ஆதாயமும் இல்லை, அப்படி ஒரு பெரியவரும் வேண்டும். அவருக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்திருக்க வேண்டும். அது மட்டும் இருந்தால், வீட்டில் கிடைக்காததில் பாதியை அந்தப் பிள்ளை வெளியே சம்பாதித்துக்கொள்ளும். நான் சம்பாதித்தேன்.

அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ படித்தவர்கள் எல்லாரும் ராக்கெட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அதில் திரும்பத் திரும்பப் படிக்கத் தோன்றுவது ராமேஸ்வரத்துப் பகுதிதான். அதில் வருகிற அகமது ஜலாலுதீன். கலாமைவிடப் பதினைந்து வயது மூத்தவர். குடும்பக் கஷ்டத்தால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர், காண்ட்ராக்டர். அந்தத் தீவில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று கலாம் எழுதுகிறார். யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமானாலும் அவரிடம்தான் போவார்கள். சாயங்காலமானால் அந்தச் சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் தெருவிலிருந்து கடற்கரைக்கு நடந்து போவார். முதலில் சிவன் கோயிலைச் சுற்றுவார்கள். கடவுளைப் பற்றிப் பேசுவார். படித்தவர்கள், அறிவியல் கண்டுபிடிப்புகள், மருத்துவத்தில் வந்திருக்கும் புதுமைகள் எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார். பையனை ஆசாத் என்றுதான் கூப்பிடுவார். பின்னால் கலாமின் அக்கா ஜோகராவையே கல்யாணம் செய்துகொண்டார். ஆனால் நடை தொடங்கியது அந்த உறவு வருவதற்கு முன்பு.

அந்த ஊரில் கலாமுக்கு ஒருவர் மட்டும் இல்லை. பத்திரிகை விநியோகம் செய்த உறவினர் சம்சுதீன், உலகப் போர்க் காலத்தில் ரயில் நிற்காமல் போனபோது வண்டியிலிருந்து வீசுகிற பத்திரிகைக் கட்டுகளைப் பிடிக்கிற வேலையைக் கொடுத்து முதல் சம்பளத்தைக் கையில் வைத்தவர். தன் வீட்டில் இருந்த புத்தகங்களை எடுத்துப் படிக்க விட்ட எஸ்.டி.ஆர். மாணிக்கம். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு, மனைவி பரிமாற மறுத்தபோது தானே பரிமாறிப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். அடுத்த வாரமும் வரச் சொன்னாராம். கலாம் போனபோது அந்த அம்மாவே உள்ளே அழைத்துப்போய்ப் பரிமாறினார். அந்த இரண்டாவது அழைப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் முறை சங்கடமாகிப்போனால் நம்மில் பலர் அத்தோடு விட்டுவிடுவோம்.

ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் சேர்க்கக் கூடவே போனவர்கள் ஜலாலுதீனும் சம்சுதீனும். சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது அக்கா ஜோகரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். கலாம் நாசாவுக்குப் பயிற்சிக்குப் போனபோதும் பம்பாய் விமான நிலையம் வரை வந்து வழியனுப்பியவர்கள் அதே இருவர்தான். ஒரு சாயங்கால நடை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டிருக்கிறது பாருங்கள்.

கலாம் மாதிரி ஒருவரை உதாரணம் சொன்னால், அவர் எப்படியும் மேலே வந்திருப்பார் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு ஆராய்ச்சியைச் சொல்கிறேன். ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு தீவு. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் நாற்பது வயது வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். அதில் ஒரு பகுதிப் பிள்ளைகள் எல்லாவிதத்திலும் கஷ்டத்தில் பிறந்தவர்கள். வறுமை, பிரசவத்தில் சிக்கல், ஓயாத வீட்டுச் சண்டை, குடிக்கிற அப்பா, மனநோயில் இருக்கிற அம்மா. இவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் எதிர்பார்த்த மாதிரியே தடுமாறினார்கள். மீதி மூன்றில் ஒரு பங்கு தன்னம்பிக்கையோடு, பிறர்மேல் அக்கறையோடு வளர்ந்து நின்றது. எது இவர்களைக் காப்பாற்றியது என்று பார்த்தபோது கிடைத்த காரணங்களில் ஒன்று, நிலையாகப் பாசம் காட்டிய ஒரு பெரியவராவது இவர்களுக்கு இருந்தார் என்பது. பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர், கோயில் பெரியவர், யாராகவும் இருக்கலாம். அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான். எங்கள் தெருவில் அந்த மூன்றில் ஒரு பங்குக்குள் நான் எப்படி விழுந்தேன் என்பதற்கு விடை அந்த ஸ்டூல்.

1987 கோடையில் நான் அஞ்சாம் வகுப்பு முடித்தேன். தீப்பெட்டி ஆபீஸ் பஸ் விடியற்காலையில் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அபாயமான வேலைகளில் பதினாலு வயதுக்குக் கீழே ஆள் வைக்கக் கூடாது என்று 1986இல்தான் சட்டம் வந்திருந்தது. தீப்பெட்டித் தொழிலும் அதில் சேர்த்தி. சட்டம் வந்தது, பஸ்ஸும் வந்தது. என்னோடு படித்த ஆறு பேர் அந்த பஸ்ஸில் ஏறினார்கள். அம்மா என்னையும் அனுப்பத்தான் நினைத்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, வீட்டு வாடகை மூணு மாசப் பாக்கி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரஸ் மாமா வீட்டுக்கு வந்தார். வாசல் திண்ணையில்தான் உட்கார்ந்தார், உள்ளே வரவில்லை. “தாயி, அவன் வாசிக்கிறதக் கேட்டிருக்கியா?” என்றார். அம்மா, இல்லை அண்ணாச்சி, எனக்கு எங்க நேரம் என்றாள். “ஒரு தடவை கேளு” என்று கையில் கொண்டுவந்திருந்த தினமணியை என்னிடம் கொடுத்தார். அட்டையை வைத்துக்கொண்டு முதல் பக்கம் முழுக்க வாசித்தேன். எழுத்துத் தெரியாத அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. எழுந்து போனார். ஜூனில் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். வாடகைப் பாக்கியை யார் கொடுத்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் கதையை முதல்முறை படித்தபோது இந்தத் திண்ணைதான் என் கண் முன்னால் வந்தது. அல்ஜீரியாவில் ஏழைக் குடும்பம். அப்பா 1914இல் போரில் இறந்தபோது குழந்தைக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. அம்மா வீட்டு வேலை செய்கிறவர், காது சரியாகக் கேட்காது, படிப்பும் இல்லை. பாட்டிக்குப் பையன் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேன் பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, உதவித்தொகைத் தேர்வுக்குக் காசு வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுத்து, பையனை மேல்பள்ளிக்கு அனுப்பினார். 1957இல் காம்யுவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்ததும் அம்மாவுக்கு அடுத்து நினைவுக்கு வந்தது நீங்கள்தான் என்று அந்த ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். நோபல் உரையைப் புத்தகமாகப் போட்டபோது அதை அவருக்கே காணிக்கையாக்கினார்.

நம் ஊரில் இதற்கென்றே ஒரு உறவு இருந்தது, தாய்மாமன். மொட்டை போட, காது குத்த எல்லாவற்றுக்கும் அவன் மடிதான். அப்பனுக்குப் பயந்த பிள்ளை ஓடி ஒளிவது மாமன் வீட்டில்தான். பிள்ளைக்கு அப்பனைத் தவிர இன்னொரு பெரியவர் வேண்டும் என்று நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கு அந்த உறவில் மிஞ்சியிருப்பது சீர்வரிசைத் தட்டும், எத்தனை பவுன் என்ற கணக்கும். மாமன் மருமகனோடு உட்கார்ந்து பேசினது எப்போது என்று கேட்டால் பல வீட்டில் பதில் இருக்காது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

இதை எழுதும்போதே ஒரு கேள்வி வரும் என்று தெரியும். முன்பின் தெரியாத ஆளை நம்பிப் பிள்ளையை எப்படி விடுவது? நியாயமான கேள்வி. பிள்ளைகளுக்கு நடக்கிற பாலியல் கொடுமைக்கு எதிராகப் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. அந்தக் கொடுமையில் பெரும்பாலும் தெரிந்த ஆள்தான் கை வைக்கிறான். இதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பிரஸ் மாமாவை யோசித்துப் பாருங்கள். அந்தக் கடைக்குக் கதவே கிடையாது, மடக்குப் பலகைதான், பகல் முழுக்கத் திறந்திருக்கும். தெருவே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அங்கே இருப்பது அம்மாவுக்குத் தெரியும். எனக்கு அவர் வாங்கிக் கொடுத்த கடலை மிட்டாய் உட்பட எதுவும் ரகசியம் இல்லை. இதை யாரிடமும் சொல்லாதே என்று ஒரு பெரியவர் ஒரு பிள்ளையிடம் சொன்னால், அந்த நிமிஷமே அந்தப் பிள்ளையை அங்கிருந்து கூட்டி வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். ஆனால் பயத்தினால் எல்லாக் கதவையும் சாத்திவிட்டால், வீட்டுக்குள்ளேயே கஷ்டப்படுகிற பிள்ளைக்குப் போக்கிடம் இல்லாமல் போகும். அதுவும் ஆபத்துதான்.

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு பள்ளிகள் திறந்த சமயம், 2021 அக்டோபரில், தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கியது. சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே, அதே தெருப் பெண் ஒருவர் இருபது பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்துவார். அப்போது கையில் கிடைத்தது மாசம் ஆயிரம் ரூபாய். லட்சக்கணக்கில் பெண்கள் முன்வந்தார்கள். எங்கள் பக்கத்துத் தெரு மைய அக்கா ஒருவரிடம் பேசினேன். பாடத்தில் எவ்வளவு தேறினார்கள் என்பது பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. “வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில கதை சொல்லும் சார். அதைக் கேட்டு முடிக்கவே அரை மணி ஆயிரும்” என்றார். அந்த அரை மணிதான் பாடம் என்று நான் அவரிடம் சொன்னேன்.

எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இஸ்திரி வண்டி வைத்திருக்கிறவர் மகள் அஞ்சாம் வகுப்பு படிக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் அந்த வண்டிப் பக்கத்திலேயே, அவள் அப்பா துணி தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருகிறேன். வேறெதுவும் பெரிதாகச் செய்வதில்லை. என்ன சேதி என்று கேட்கிறேன். மூன்று வாரம் ஒன்றுமே சொல்லவில்லை. நாலாவது வாரம் சொன்ன சேதி முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

பிரஸ் மாமா 2004இல் இறந்துபோனார். ஆஃப்செட் வந்து, பின்னால் கம்ப்யூட்டர் வந்து, கடைசி சில வருஷம் மெஷின் சும்மாதான் கிடந்ததாம். நான் சென்னையில் இருந்தேன். தகவல் எனக்கு வந்து சேர எட்டு நாள் ஆனது. அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். நான் எழுதின முதல் புத்தகம் அச்சானபோது ஒரு பிரதியை எடுத்து வைத்திருந்தேன், ஊருக்குப் போகும்போது நேரில் கொடுக்கலாம் என்று. அது இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். டெய்லர் கடைக்காரராக இருக்கலாம், நூலகராக இருக்கலாம், எதிர் வீட்டு ஆச்சியாக இருக்கலாம். இன்னும் இருக்கிறார் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுங்கள். போனில் சொல்லாதீர்கள், நேரில் போங்கள். காது மந்தமாகியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் பெயரைச் சொல்லி, அவர் செய்தது என்ன என்பதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.